மூணு பிள்ளைங்க வயசு, பக்கத்து வீட்டு நம்பர்: இந்தக் கணக்குல ஏதோ இடிக்குதுங்க

செக்கிங்மாஸ்டர் (திருப்பூர்)

வணக்கமுங்க. மக ஏழாவது படிக்கறா. ஸ்கூல் கணித மன்றத்துல ஒரு கணக்கு குடுத்திருக்காங்க. அவ சொன்ன மாதிரியே போடறேன்.

மக்கள்தொகைக் கணக்கெடுக்க ஒருத்தர் ஒரு வீட்டுக்கு வர்றாரு. பிள்ளைங்க எத்தனைன்னு கேக்கறாரு. "மூணு பேர். மூணு பேர் வயசையும் பெருக்கினா 36. கூட்டினா பக்கத்து வீட்டு நம்பர்"ங்கறாங்க வீட்டம்மா. அவரு வெளிய போய் அந்த நம்பரைப் பாத்துட்டு, பேப்பர்ல ஏதோ எழுதிப் பாத்துட்டு, திரும்பி வந்து "இது பத்தலையேம்மா"ங்கறாரு. "மூத்தவ வீணை கத்துக்கறா"ங்கறாங்க. "சரிம்மா, தெரிஞ்சுபோச்சு"ன்னு குறிச்சுக்கிட்டுப் போயிடறாரு. பிள்ளைங்க வயசு என்ன?

நான் படிச்சது பத்தாவது வரைக்கும்தான். ஆனா பீஸ் கணக்கு, டஜன் கணக்குன்னு நாளெல்லாம் பெருக்கிக்கிட்டே இருக்கற ஆளு. பெருக்கினா 36 வர்ற மாதிரி மூணு மூணா எழுதினேன், எட்டு வந்துச்சு. அதுல 1, 1, 36ஐ அடிச்சுட்டேன். 36 வயசுக்காரனைப் பிள்ளைங்க கணக்குல யாருங்க சேப்பாங்க? மீதி ஏழு. அதுக்கு மேல ஒரு அடி நகரல.

என் சந்தேகம் ரெண்டு. வீட்டு நம்பர் அந்த ஆபீசருக்குத் தெரியும், நமக்குச் சொல்லவே இல்ல. அப்பறம் நாம எப்படிப் போடறது? அடுத்தது, வீணைக்கும் வயசுக்கும் என்னங்க சம்பந்தம்? மககிட்டக் கேட்டா, "நம்பர் 13ப்பா, சார் சொன்னாரு"ங்கறா. ஏன் 13ன்னு கேட்டா அவளுக்கும் சொல்லத் தெரியல. எங்க லைன் வீட்டு நம்பர் 3/142ஏ. எந்தப் பிள்ளைங்க வயசைக் கூட்டினாலும் அது வராது, அது வேற விஷயம்.

விடை மட்டும் வேண்டாமுங்க. ஏன்னு யாராச்சும் வெளக்கமாச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை அவளுக்கு நான் சொல்லிக் குடுக்கணும்.

---

நாலுவரி

2, 2, 9. நெட்ல தேடினா ஆயிரம் இடத்துல இருக்கு.

---

கும்பகோணம் கணக்கு டீச்சர்

தம்பி, உங்க மக கேட்டதைவிட நீங்க கேட்டதுதான் நல்ல கேள்வி. "நம்பரை நமக்குச் சொல்லவே இல்லையே"ன்னு கேட்டீங்க பாருங்க, அந்த இடத்துலதான் கணக்கே இருக்கு.

நான் அரசு உயர்நிலைப் பள்ளியில கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவ. இந்தக் கணக்கை நான் கரும்பலகையில போட்டதே இல்ல. ஒரு பிள்ளையை முன்னாடி கூப்பிட்டு நிறுத்துவேன். "மூணு வயசு, பெருக்கினா 36. கூட்டினா எவ்வளவுன்னு இவன் காதுல மட்டும் சொல்லப்போறேன், நீங்க எல்லாரும் இவன் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே இருங்க" அப்படின்னு சொல்லிட்டு, காதுல ஒரு எண் சொல்லுவேன்.

அதுக்கு முன்னாடி எல்லாரும் நோட்டுல இந்த எட்டையும் எழுதி, பக்கத்துல கூட்டுத்தொகையும் போட்டிருக்கணும். நீங்களும் எழுதிக்கோங்க:

1, 1, 36 – 38
1, 2, 18 – 21
1, 3, 12 – 16
1, 4, 9 – 14
1, 6, 6 – 13
2, 2, 9 – 13
2, 3, 6 – 11
3, 3, 4 – 10

முதல்ல காதுல 11னு சொல்லுவேன். பையன் நோட்டைப் பாத்துட்டு உடனே "2, 3, 6 டீச்சர்"ம்பான். அடுத்தவனைக் கூப்பிட்டு 16. அவனும் டக்குனு 1, 3, 12ன்னு சொல்லிடுவான். மூணாவது ஒருத்தியைக் கூப்பிட்டு 13னு சொல்லுவேன். அவ நோட்டைப் பாப்பா, என்னைப் பாப்பா, மறுபடி நோட்டைப் பாப்பா. வாயைத் திறக்க மாட்டா. அப்பப் பின் பெஞ்சுலேருந்து ஒரு குரல் வரும், "டீச்சர், அவளுக்கு 13 சொல்லியிருக்கீங்க!" அவ காதுல நான் சொன்னது அவனுக்கு எப்படிக் கேட்டுச்சு? கேக்கல. அவ முழிச்சதை வச்சுக் கண்டுபிடிச்சான்.

உங்க ஆபீசரும் அதே மாதிரி முழிக்கிறார். பக்கத்து வீட்டு எண் 10, 11, 14, 16, 21, 38 இதுல எதுவா இருந்திருந்தாலும், பாத்த உடனே எழுதிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருப்பார். "பத்தலையேம்மா"ன்னு திரும்பி வர்றார்னா, அவர் பாத்த எண்ணுக்கு ஒண்ணுக்கு மேல விடை இருக்கு. பட்டியல்ல ரெண்டு தடவை வர்றது 13 மட்டும்தான். உங்களுக்கு எண்ணை வாயால சொல்லல, "பத்தலையே"ங்கற வார்த்தையால சொல்லிட்டாங்க. நாம அந்தத் தெருவுக்குப் போகவே வேண்டாம்.

இப்ப மிச்சம் ரெண்டு: 1, 6, 6 அல்லது 2, 2, 9. வீணை, பரதநாட்டியம், பாகற்காய் பிடிக்காது, எது வேணாலும் போட்டுக்கலாம். அது சும்மா மறைப்பு. "மூத்தவ"ன்னு ஒருத்தியைத் தனியாச் சொல்ல முடியுதுங்கறதுதான் சேதி. 1, 6, 6ல பெரியவங்க ரெண்டு பேர் ஒரே வயசு. 2, 2, 9ல மூத்தவ ஒருத்திதான். அதனால 2, 2, 9.

இன்னொண்ணு. 1, 1, 36ஐ மொதல்லயே அடிச்சேன்னு எழுதியிருக்கீங்க. இந்தக் கணக்குல அதனால சேதமில்ல. ஆனா அந்தப் பழக்கம் வேண்டாம். வகுப்புல சில பிள்ளைங்க "ரெட்டைப் பிள்ளைங்க எங்க வீட்டுப் பக்கம் யாருக்குமே இல்ல டீச்சர்"னு சொல்லி 1, 6, 6ஐயும் 2, 2, 9ஐயும் மொதல்லயே அடிச்சுடுவாங்க. அப்பறம் உச்சிமண்டையைச் சொறிஞ்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. கணக்கு அடிக்கச் சொன்னாத்தான் அடிக்கணும்.

நானும் கணக்கெடுப்புக்குப் போனவதான். 2011 பிப்ரவரி 9லேருந்து 28 வரைக்கும் வீடு வீடா. எங்களுக்குக் குடுத்த படிவத்துல பிறந்த தேதியும் உண்டு, நிறைவடைந்த வயசும் உண்டு. நிஜ ஆபீசரா இருந்தா, "பெருக்கல் எல்லாம் இருக்கட்டும்மா, பிறந்த தேதியைச் சொல்லு"ன்னு கேட்டு முடிச்சிருப்பார். நிஜத்துல தலைவலி வேற மாதிரி. வயசானவங்களைக் கேட்டா அறுபதும்பாங்க, அறுபத்தஞ்சும்பாங்க, எழுபதும்பாங்க. அறுபத்தொண்ணுன்னு சொல்ற ஆள் அபூர்வம். ஊரே அஞ்சாம் வாய்ப்பாட்டுல பிறந்த மாதிரி இருக்கும். ஒரு பாட்டி, "பெரிய புயலப்ப எனக்குக் கல்யாணம் ஆயி ஒரு பிள்ளை இருந்துச்சு, நீயே போட்டுக்க"ன்னுட்டு உள்ள போயிட்டாங்க. எந்தப் புயல்னு கேக்க ஆள் இல்ல. அதுக்கு 36 எவ்வளவோ தேவலாம்.

---

ரெட்டைவால் அப்பா (மதுரை)

டீச்சர், மொத வணக்கம், அப்புறம் சண்டை. எனக்கு ரெண்டும் ரெட்டைப் பசங்க, அஞ்சாப்பு படிக்கிறாய்ங்க. மொதல்ல பொறந்தவன் நாலு நிமிஷம் முந்தி. அந்த நாலு நிமிஷத்தை வச்சுக்கிட்டு வீட்டுல அவன் பண்ற நாட்டாமை இருக்கே! டிவி ரிமோட்டு அவனுக்கு, ஜன்னல் சீட்டு அவனுக்கு, கேட்டா "நான்தான் மூத்தவன்"கிறான். அப்ப 1, 6, 6லயும் மூத்தவ உண்டுல்ல? ரெட்டையா இல்லாட்டியும், பதினோரு மாச வித்தியாசத்துல பொறந்த ரெண்டு புள்ளைக வருசத்துல கொஞ்ச நாளு ஒரே வயசுல இருக்கும். அப்ப இந்தக் குறிப்பு செல்லாது. கணக்கு தப்பு.

---

கும்பகோணம் கணக்கு டீச்சர்

வாங்க தம்பி. சண்டை நியாயமானதுதான். கடைசிக் குறிப்பு நொண்டுறது உண்மை. படிவத்துல நிறைவடைந்த வயசு மட்டும்தான் வயசு, நாலு நிமிஷத்துக்கு அங்க கட்டம் கிடையாதுன்னு சொல்லி நான் தப்பிக்கலாம். ஆனா ஏழாங்கிளாஸ் பிள்ளை அதை ஒத்துக்காது, ஒத்துக்கவும் வேண்டாம்.

அதனால "கணக்கு தப்பு"ன்னு மொத்தமாத் தள்ளாம, குறிப்பை மாத்திக்கோங்க. நான் பிற்பாடு இப்படித்தான் சொல்லிக்கிட்டிருந்தேன்: "மூணு பேர்ல ஒருத்திதான் பள்ளிக்கூடம் போறா." 1, 6, 6னா ரெண்டு பேர் போகணும். 2, 2, 9னா ஒருத்திதான். நாட்டாமைக்கு இடமே இல்ல. திருப்பூர் தம்பி, ஞாயித்துக்கிழமை இதையே வச்சுக்கோங்க. வீணையை விட்டுடுங்க.

13 வரைக்கும் வர்ற பாதையில எந்தக் குறையும் இல்ல, அதைக் கவனிங்க. ரெட்டை வழக்கு அதுக்கப்பறம்தான் வருது.

---

அடையாறு_ஆலமரம்

சென்னைல இந்தக் கணக்கு செல்லாது டீச்சர். எங்க கேட்ல "புதிய எண் 13, பழைய எண் 6". ஆபீசர் எதைப் பாத்தார்? பழசைப் பாத்திருந்தா 6 வர்ற மாதிரி பட்டியல்ல எதுவுமே இல்ல, அப்படியே திரும்பிப் போயிருப்பார். கூரியர்காரர் தினமும் பண்றது அதான்.

சரி, விளையாட்டை விடறேன். 36 மட்டும்தானா, வேற எண்ணும் இப்படி அமையுமான்னு ஒரு ஆர்வம். பைத்தான்ல ஒரு சின்ன நிரல் எழுதி 100 வரைக்கும் ஓட்டிப் பாத்தேன். ஒவ்வொரு பெருக்குத்தொகைக்கும் மூணு மூணாப் பிரிச்சு, ஒரே கூட்டுத்தொகை ரெண்டு தடவை வருதான்னு பாக்கணும், அவ்வளவுதான். கிடைச்சது அஞ்சே அஞ்சு: 36, 40, 72, 90, 96. 36க்குக் கீழ ஒண்ணுகூட இல்ல. 60க்கு இத்தனை வகுத்திகள் இருக்கே, அதுல கண்டிப்பா வரும்னு நினைச்சேன். பத்து விதமாப் பிரியுது, பத்துக்கும் பத்து வேற வேற கூட்டுத்தொகை!

இந்த அஞ்சுலயும் "மூத்தவ" குறிப்பு வேலை செய்யறது 36, 72 ரெண்டுல மட்டும். 72ல வீட்டு எண் 14. 2, 6, 6 அல்லது 3, 3, 8. மூத்தவ ஒருத்தின்னா 3, 3, 8. 40லயும் 14தான் இடிக்கும், ஆனா அங்க 1, 5, 8, இல்லன்னா 2, 2, 10. ரெண்டுலயும் மூத்தவ தனி ஆள். வீணை வாசிச்சாலும் வீணாத்தான் போகும். 96ல 21: 1, 8, 12, இல்லன்னா 2, 3, 16. அதுவும் அதே கதை. 90 இன்னும் மோசம், அங்க 16ம் ரெண்டு தடவை வருது, 20ம் ரெண்டு தடவை வருது. ஆபீசர் முழிச்சாலும் எந்த எண்ணுக்கு முழிக்கிறார்னே நமக்குத் தெரியாது.

36ஐ எவனோ சும்மா எடுத்துப் போடல. இருக்கறதுலயே சின்ன எண், ஒரே ஒரு இடத்துல இடிக்குது, இடிச்ச அந்த ரெண்டும் மூத்தவளை வச்சுப் பிரியுது.

---

தோ பாயோ தமிழன் (சிங்கப்பூர்)

இங்கே 2015 ஏப்ரலில் இதே ஜாதிக் கணக்கு ஒன்று ஊரையே கலக்கியது. ஷெரில் என்ற பெண்ணின் பிறந்தநாள். பத்துத் தேதிகள் கொடுப்பார்கள். ஆல்பர்ட்டுக்கு மாதம் மட்டும் தெரியும், பெர்னார்டுக்கு நாள் மட்டும். "எனக்குத் தெரியாது, பெர்னார்டுக்கும் தெரியாதென்று எனக்குத் தெரியும்" என்பான் ஆல்பர்ட். "முதலில் தெரியாமல் இருந்தது, இப்போது தெரியும்" என்பான் பெர்னார்ட். "அப்படியென்றால் எனக்கும் தெரியும்" என்பான் ஆல்பர்ட். விடை ஜூலை 16.

உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான ஒலிம்பியாட் தேர்வில் வந்த கேள்வி அது. ஃபேஸ்புக்கில் தொடக்கப்பள்ளி ஐந்தாம் வகுப்புக் கேள்வி என்று பரவிவிட்டது, பெற்றோர்கள் பதறிவிட்டார்கள். அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க அதே பேச்சு.

செக்கிங்மாஸ்டர் அண்ணே, உங்கள் கணக்கில் ஒருவர்தான் "தெரியாது" என்கிறார். ஷெரில் கணக்கில் அது இவனிடமிருந்து அவனிடம், அவனிடமிருந்து இவனிடம் என்று போய்வருகிறது. மகளுக்கு இது பிடிபட்ட பிறகு அதைக் கொடுங்கள், முன்னால் வேண்டாம்.

---

செக்கிங்மாஸ்டர் (திருப்பூர்)

எல்லாருக்கும் நன்றிங்க. டீச்சரம்மா, நீங்க சொன்ன மாதிரியே சம்சாரத்தைக் கூப்பிட்டு காதுல 13 சொன்னேன், மகளை மூஞ்சியைப் பாக்கச் சொன்னேன். சம்சாரம் "அடுப்புல பால் இருக்கு"ன்னு போயிட்டா. அப்பறம் மச்சினனை உக்கார வெச்சோம். அவன் நல்லா முழிச்சான். மக புடிச்சுட்டா.

இன்னொண்ணு கேக்கோணும். வீட்டு நம்பரை வெச்சு ராமானுஜம் போட்ட கணக்கு ஒண்ணு இருக்குன்னு மகளோட சார் சொன்னாராம். இதே கணக்குதானுங்களா அது?

---

கும்பகோணம் கணக்கு டீச்சர்

எங்க ஊர்க்காரரைக் கேட்டுட்டீங்க, சும்மா விடுவேனா!

அது வேற கணக்கு. வயசு கிடையாது, வீட்டு எண் மட்டும்தான். 1914 ஏப்ரல்ல ராமானுஜன் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். அந்த டிசம்பர் மாச ஸ்ட்ராண்ட் பத்திரிகையில ஒரு புதிர் வந்துச்சு. பெல்ஜியத்துல லூவேன் நகரத்துல ஒரு நீளமான தெரு. அந்த ஊரை அந்த ஆகஸ்ட்லதான் ஜெர்மன் படை கொளுத்தியிருந்தது. தெருவுல ஒரே பக்கமா 1, 2, 3ன்னு வீடுங்க. ஒருத்தரோட வீட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கற எண்ணையெல்லாம் கூட்டினாலும், அந்தப் பக்கம் இருக்கறதைக் கூட்டினாலும் சமம். தெருவுல 50க்கு மேல, 500க்குள்ள வீடு. அவர் வீட்டு எண் என்ன?

மகலனோபிஸ் (பின்னாடி இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை ஆரம்பிச்சவர்) அப்ப கேம்பிரிட்ஜ்ல மாணவர். அவர் ராமானுஜனோட அறைக்குப் போனப்ப, ராமானுஜன் அடுப்புல காய்கறி கிளறிக்கிட்டிருக்கார். மகலனோபிஸ் சில நிமிஷம் போட்டுப் பாத்து விடையைக் கண்டுபிடிச்சுட்டு, இவர்கிட்ட புதிரைப் படிக்கிறார். இவர் கரண்டியைக் கீழ வைக்காமலே "எழுதிக்கோ"ன்னு ஒரு தொடர் பின்னத்தை (பின்னத்துக்குள்ள பின்னமாப் போய்க்கிட்டே இருக்கறது) சொல்றார். அதுல அந்தத் தெருவோட விடை மட்டுமில்ல, அப்படி அமையற எல்லாத் தெருவோட விடையும் இருந்துச்சு.

மகளுக்கு அதைக் காட்ட ஒரு சுலபமான வழி இருக்கு. 1/1ல ஆரம்பிங்க. மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் கூட்டினா அடுத்த கீழ் எண். மேல் எண்ணோட கீழ் எண்ணை ரெண்டு தடவை கூட்டினா அடுத்த மேல் எண். 1/1, 3/2, 7/5, 17/12, 41/29, 99/70, 239/169, 577/408. இதுல ஒண்ணு விட்டு ஒண்ணு எடுங்க: 3/2, 17/12, 99/70, 577/408. கீழ் எண்ல பாதி வீட்டு எண். மேல் எண்ல ஒண்ணு குறைச்சுப் பாதி, அதுதான் தெருவுல மொத்த வீடு.

17/12ன்னா ஆறாவது வீடு, எட்டு வீட்டுத் தெரு. 1லேருந்து 5 வரைக்கும் கூட்டினா 15, 7ம் 8ம் கூட்டினாலும் 15. இதை மகளையே கூட்டிப் பாக்கச் சொல்லுங்க. 99/70ன்னா 35ஆவது வீடு, 49 வீடு. 577/408ன்னா 204ஆவது வீடு, 288 வீடு. பத்திரிகை கேட்டது இதைத்தான். 50க்கு மேலன்னு ஏன் சொன்னாங்கன்னு இப்பப் புரியும்: 49 வீட்டுத் தெருவை மயிரிழையில வெளிய தள்ளத்தான். அடுத்தது 1189ஆவது வீடு, 1681 வீட்டுத் தெரு. அவ்வளவு நீளத் தெரு கும்பகோணத்துல கிடையாது.

---

செக்கிங்மாஸ்டர் (திருப்பூர்)

அடையாறு அண்ணா சொன்ன 40ஐ எடுத்து மகளே ஒரு கணக்கு எழுதியிருக்காங்க. டைப் மட்டும் நான்.

"டவுன் பஸ்ல ஒரு அம்மா மூணு பிள்ளைங்களோட ஏறறாங்க. கண்டக்டர் வயசு கேக்கறாரு. பெருக்கினா 40, கூட்டினா இந்த பஸ் நம்பருங்கறாங்க. கண்டக்டர் போட்டுப் பாத்துட்டு, இது பத்தலைங்கறாரு. நடுப்பையன் யூகேஜி முடிச்சுட்டான்னு அந்தம்மா சொல்றாங்க. பஸ் நம்பர் என்ன, பிள்ளைங்க வயசு என்ன?"

மதுரை அண்ணா, உங்க ரெட்டைப் பசங்ககிட்டக் குடுங்க. யாரு மொதல்ல போடறான்னு பாத்துச் சொல்லுங்க.